ஒரு கால் மட்டும் வெளுத்தது

பூமிக்குக் கோபம் வந்துவிட்டது.

எந்தப் பூமிக்கு என்றுதானே கேட்கிறீர்கள்? சாக்கடை கலந்து நாறிப்போன ஆற்றங்கரைப் பூமிக்கு இல்லை. குப்பை கொட்டிக் கொட்டி மூச்சு முட்டிப்போன பூமிக்கும் இல்லை. அவை இரண்டும் பொறுமைசாலிகள். கோபம் வந்தது, ஊருக்கு வெளியே வேலி போட்டு, வாசலில் காவலாளி வைத்து, வசதியானவர்கள் வெள்ளைப் பந்தை மட்டையால் தட்டி விளையாடும் கோல்ஃப் மைதானத்துப் பூமிக்கு. அதிலும் குறிப்பாக, ஏழாவது கிரீனுக்கு.

செய்தி பரவியதும் ஊரே திரண்டது. அதுவரை வேலிக்குள் எட்டிப் பார்த்தாலே விரட்டியடித்த காவலாளி, "வரிசையா வாங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க, பூமிக்கு வலிக்கும்" என்று கைகூப்பி வரவேற்றார். தொட்டிச் செடி பட்டுப்போனவர்கள் வந்தார்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டவர்கள் வந்தார்கள். மூட்டு வலிக்காரர்கள் வந்தார்கள். ஒரு வலியும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்து, வந்த இடத்தில் தங்களுக்கும் ஒரு வலி இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

நடுவில், கயிறு கட்டிய வட்டத்துக்குள், மண்மொழியார்.

மண் நிற ஆடை. மண் நிறத் துண்டு. கையில் ஆளுயரச் செம்புக் குழாய். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... அப்படியா... அடடா!" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மாமியாரிடம் ஃபோன் பேசும் மருமகன்கள் இப்படித்தான் தலையாட்டுவார்கள்.

"என்ன ஐயா சொல்லுது?" என்று முன்வரிசையில் இருந்த தையல்கார அம்மா கேட்டார்.

"அழுவுது."

"எதுக்கு ஐயா?"

"கோவத்துல அழுவுது. சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்கு. நம்பலன்னா நீயே குடுத்துப் பாரும்மா. கையில என்ன, குடிக்கிற தண்ணியா? ஊத்து."

தையல்கார அம்மா தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். கிரீனில் புல் காய்ந்து பழுப்பேறிக் கிடந்த இடம் அது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, தாமரை இலைமேல் விழுந்ததுபோல் அங்கும் இங்கும் உருண்டு, சரிவில் ஓடியே போய்விட்டது. மண் தூசி பறக்கக் காய்ந்தபடியே இருந்தது.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மண்மொழியார் புன்னகைத்தார். மிச்சத் தண்ணீரைத் தன் செம்பில் ஊற்றச் சொன்னார். கழுத்து குறுகிய, மெருகேறிய செம்பு. அதன் வாயருகே உதட்டைக் கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தார். மூன்று சுற்றுச் சுற்றினார். அதே இடத்தில் மெல்லச் சாய்த்தார்.

தரை குடித்தது. ஒரு துளி உருளவில்லை. மண் கறுத்து, நனைந்து, குளிர்ந்தது.

"ஆ!" என்றது கூட்டம்.

"உன் தண்ணி. உன் கண்ணு. நடுவுல நம்ம வாக்கு மட்டும்தான்" என்றார் மண்மொழியார். அவருடைய சீடர் உடனே, மூட்டு வலிக்கும் ஆகும் என்று அருள் தண்ணீர்ப் பாட்டில்களை விற்கக் கிளம்பினார்.

கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருத்தி மட்டும் 'ஆ' என்று சொல்லவில்லை. அந்த மைதானத்துப் புல்லுக்கெல்லாம் பொறுப்பாளர் அவள்தான். புல்லைப் பற்றிப் படித்து, பட்டம் வாங்கி, பதினெட்டுக் கிரீன்களையும் கட்டி மேய்ப்பவள். எல்லோரும் அவளைப் 'புல் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிரீன் என்றால் என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. மைதானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பந்து கடைசியில் போய் விழவேண்டியது ஒரு சின்னக் குழிக்குள். அந்தக் குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைதான் கிரீன். அதன் புல்லை ஒரு அரிசி மணியைவிடக் குட்டையாகத் தினமும் வெட்டுவார்கள். அடியில் கொட்டியிருப்பது மணல். எத்தனை ஆயிரம் பேர் மிதித்தாலும் இறுகாமல், மழை பெய்தால் தேங்காமல் வடியவேண்டும் என்பதற்காக.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு எதிரி உண்டு. காளான். மழைக்காலத்தில் குடை பிடித்து நிற்கிறதே அதற்கு அடியில், மண்ணுக்குள், பஞ்சு நூல் போல ஒரு வலை பரவியிருக்கும். அது ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் சமமாக வளர்வதால் மேலே பார்த்தால் அழகான வட்டம் தெரியும். ஓரத்தில் கரும்பச்சை, உள்ளே காய்ந்த பழுப்பு. அந்த நூல் மணலின் ஒவ்வொரு மணியின் மேலும் மெழுகு பூசினாற்போல் ஒரு படலம் விட்டுவிடும். மெழுகின் மேல் தண்ணீர் நிற்குமா? உருண்டுதான் ஓடும். கோபமும் இல்லை, தாபமும் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஒட்டாத அதே கதை.

மண்மொழியார் வருவதற்கு முன்பே, இதைப் புல் மேடம் மைதானத்து உறுப்பினர் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னாள். அங்கேதான் சனி பிடித்தது. தண்ணீர் ஏன் உருளுகிறது என்று கேட்டால் சிலர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அவளுக்கு மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கித்தான் பழக்கம். அவள் வேர் வரைக்கும் வருவதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் தூங்காமல் கொட்டாவி விட்டார்.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் கையை உயர்த்தினார். "சுருக்கமா சொல்லும்மா. என்ன பண்ணணும்?"

"துளை போடணும் டாக்டர். கிரீன் முழுக்க. விரல் தடிமனுக்கு மண்ண உருவி எடுக்குற மெஷின் நம்மகிட்டயே இருக்கு. உருவுன எடத்துல புது மணல் நிரப்பி, மெழுகக் கரைக்கிற மருந்துத் தண்ணி விட்டா வேருக்குக் காத்து போவும், தண்ணி போவும். வெயில் காலத்துக்கு முன்ன பண்ணலன்னா கிரீனே செத்துரும்."

"கிரீன் முழுக்க ஓட்டையா? அப்ப பந்து?"

"சில வாரத்துக்குத் துள்ளும். அப்புறம் ஆறிடும்."

பந்து துள்ளும் என்றதும் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். முடிவு தள்ளிப்போனது. மருந்துக்குப் போட்ட ஆர்டரையும் ரத்து செய்தார்கள்.

அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு உறுப்பினரின் மச்சினர் வழியாக மண்மொழியார் வந்து சேர்ந்தார். குழாயைக் காதில் வைத்தார். கண்ணீர் விட்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "பூமியைக் குத்தாதீங்க."

முடிந்தது. அந்த நிமிஷமே அவர் மகான் ஆகிவிட்டார். வலிக்காமல் பல்லை அடைத்துத் தருகிறேன், ஓட்டையே போடவேண்டாம் என்று ஒருவன் சொன்னால் பல் டாக்டர் அவனைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார். ஆனால் ஓட்டையே போடாமல் புல்லைக் காப்பாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாரும் முட்டாளாக இருப்பதால் ஏமாறுவதில்லை. எதைச் செய்யப் பிடிக்கவில்லையோ, அதைச் செய்யவேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும். அறிவு தானாகவே லீவு எடுத்துக்கொள்ளும்.

மெஷினைக் கொட்டகைக்குள் பூட்டினார்கள். மண்மொழியார் செம்பிலிருந்து ஊற்றிய இடங்கள் மட்டும் நனைந்தன. மற்ற இடமெல்லாம் காய்ந்தபடியே இருந்தது. வட்டங்கள் பெருத்தன. வைத்தியம் பலிக்காத வைத்தியருக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுமில்லையா? தேவைப்பட்டது.

குழாயைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விடிஞ்சதும் இந்தப் பூமிய முதல்ல மிதிக்கிற கால் எது? அந்தக் கால் ஆகல."

எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிரீனில் குழி எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. ஒரே இடத்தில் இருந்தால் எல்லோரும் அதையே மிதித்து மிதித்துப் புல் செத்துவிடும். அதனால் தினமும் விடிந்ததும், ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே ஒருவர் வந்து, எஃகு உருளையை அழுத்தித் திருகிப் புது இடத்தில் குழி வெட்டுவார். அங்கிருந்து புல்லோடு எடுத்த மண்கட்டியை நேற்றைய குழியில் வைத்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் அழுத்திவிடுவார். ஒழுங்காகச் செய்தால், நேற்று அங்கே குழி இருந்ததை வெட்டியவரே மறந்துவிடுவார். அந்த வேலை செய்பவரைக் குழிக்காரர் என்பார்கள்.

பனியில் முதலில் மிதிக்கும் கால் அவனுடையது. போதாக்குறைக்கு, பூமியைத் தினமும் குத்துகிற கையும் அவனுடையது. அதற்கும் மேல், அவன் புல் மேடத்தின் கணவன்.

குழி மாற்றுவதை நிறுத்தினார்கள். குழியைச் சுற்றி மிதிபட்டு மிதிபட்டு இன்னொரு குழி உண்டானது. பந்தை எந்தப் பக்கம் தட்டினாலும் தானாகவே உள்ளே விழுந்தது. தங்கள் ஆட்டம் முன்னேறிவிட்டதாக உறுப்பினர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதுவும் ஐயாவின் அருள் என்று எழுதப்படாத கணக்கில் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. ஊருக்கு முன்னால் குழிக்காரர் தன் கையால் ஏழாவது கிரீனில் தண்ணீர் ஊற்றவேண்டும். பூமி ஏற்றுக்கொண்டால் வேலையில் இருக்கலாம். உருட்டிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கால் வாசலுக்கு வெளியே. பூமி உருட்டிவிடும் என்பது குழாய் இல்லாமலே யாருக்கும் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அவள் கிரீனிலிருந்து ஆராய எடுத்து வந்த காய்ந்த மண்கட்டி, வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் தட்டில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவும் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கே என் கால்தான்னு தோணுதும்மா" என்றான். "யோசிச்சுப் பாரு. நான் மிதிச்ச எடமெல்லாம்தான் காயுது."

"நீங்க மிதிக்காத எடம் அந்தக் கிரீன்ல எதுங்க?"

யோசித்தான். "ஒண்ணும் இல்ல."

"அப்ப காயாம பச்சையா இருக்குற எடத்த யாரு மிதிச்சது?"

"...நான்தான்."

"அதுக்கு ஏன் ஐயா உங்களுக்கு மால போடல?"

கேள்வி நியாயம்தான். ஆனால் பயம் நியாயத்தின் பேச்சைக் கேட்கும் ஜாதி இல்லை. அவன் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவள் பார்த்தாள்.

இடது குதிகாலில் வெடிப்புக்கு வெடிப்பு புல் சாயம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கல்லால் தேய்த்துப் பார்த்தும், தூரிகையால் தேய்த்துப் பார்த்தும் போகாத பச்சை. வலது கால் மட்டும் புதுக் குழந்தையின் கால்போல் வெளுத்திருந்தது.

"என்னங்க இது, ஒரு கால்ல மட்டும் சாயம் போயிருக்கு?"

"ஐயா சுத்தி பண்ணாரு. ஆகாத கால் வலதுதானாம். செம்புலருந்து கொஞ்சம் ஊத்தி, துணியால தொடைக்கச் சொன்னாரு."

"என்ன தண்ணி?"

"நம்ம கொழாத் தண்ணிதான். நானே புடிச்சுக் குடுத்தேன்."

அவள் குனிந்து அவன் காலைத் தூக்கி மூக்கருகே வைத்தாள்.

"ஏய்! என்ன பண்ற? கூசுதுடி, விடு!"

"எலுமிச்சம்பழ வாசன."

"அருள் வாசனம்மா அது. கூட்டத்துல எல்லாரும் சொல்றாங்க."

"அப்ப அந்த அருள் நம்ம சமையலறையிலயும் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பாத்திரம் கழுவும் திரவத்தோடு திரும்பி வந்தாள்.

மேசையில் இருந்த மண்கட்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு உருண்டையாக, கண்ணாடி மணிபோல் உட்கார்ந்திருந்தது. அந்தத் திரவத்தில் ஒரு துளியைத் தம்ளர் தண்ணீரில் கலக்கி, அதிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். சொட்டு தட்டையானது. காணாமல் போனது.

அவன் வாயைப் பிளந்தான். "எப்படி?"

எப்படி என்று அவளிடம் கேட்கவே கூடாது. தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவை என்று தொடங்கினாள். குழு போட்டோ எடுக்கும்போது சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நிற்பதுபோல் நிற்கும், மெழுகைக் கண்டால் முகம் கொடுக்காது, உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். சோப்பு ஒரு தரகர். அதற்கு ஒரு கை தண்ணீரோடு ஒட்டும், மறு கை மெழுகோடு ஒட்டும். பேசாத இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்துவிடும். பிறகு தண்ணீர் தயங்காமல் உள்ளே போகும். மைதானத்துக்கு அவள் கேட்ட மருந்தும் இதே தரகு வேலையைத்தான் செய்யும். ஆனால் அது புல்லைச் சுடாது, நாள்கணக்கில் நிற்கும். சமையலறைச் சோப்பு புல்லைப் பொசுக்கிவிடும், இப்போது அவர் முதலில் ஊற்றிய இடம்...

"போதும்மா, புரிஞ்சுது" என்றான். "ஆனா தண்ணி நான்தான் குடுத்தேன். அதுல சோப்பு இல்ல. நான் சத்தியம் பண்றேன்."

"தண்ணி உங்களோடது. கண்ணு உங்களோடது. நடுவுல அவரு வாக்கு மட்டும்தானா இருந்துச்சு?"

அவன் தன் வெள்ளைக் காலையே பார்த்தான்.

"செம்பு!"

"உள்பக்கம் பூசிக் காயவச்சிருந்தா யாருக்குத் தெரியும்? கழுத்து வேற குறுகலு."

அவள் காகிதத்தை எடுத்துத் தலைவருக்கு விளக்கமாக எழுத உட்கார்ந்தாள். அவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீ விளக்குனா அவங்க தூங்கிருவாங்க. மணல் எந்த ஆத்துலருந்து வந்துச்சுன்னு ஆரம்பிப்ப. ஞாயித்துக்கெழம நீ வாயத் தொறந்து பாடம் எடுத்தா, திங்கக்கெழம நான் தெருவுல நிப்பேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கயிற்று வட்டத்துக்கு வெளியே நிற்க இடமில்லை. உறுப்பினர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பல் டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் மண்மொழியார் தன் செம்பிலிருந்து ஊற்றினார். பூமி குடித்தது. கூட்டம் 'ஆ' என்றது. பிறகு குழிக்காரரை முன்னால் அழைத்தார்கள். அவன் கையில் சாதாரண பிளாஸ்டிக் குவளை. ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, அவன் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா! கிட்டக்கூட வரல!" என்றார் சீடர்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பூமியே சொல்லிருச்சு. நாளையிலருந்து..."

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று புல் மேடம் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

உறுப்பினர்கள் நெளிந்தார்கள். பாடம் வரப்போகிறது என்று ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார்.

அவள் மண்மொழியாரிடம் பணிவாகக் கேட்டாள்: "அருள் உங்க வாக்குல இருக்கா, செம்புல இருக்கா?"

மண்மொழியார் சிரித்தார். "இது என்னம்மா கேள்வி? செம்பு வெறும் பாத்திரம். எல்லாம் நம்ம வாக்கு."

"அப்ப வேற பாத்திரத்துல வாக்கு சொல்லி ஊத்துனாலும் பூமி குடிக்கும்?"

சிரிப்பு கொஞ்சம் இறுகியது. "செம்பு உலோகம்தான் நம்ம வாக்கத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது. உருகிரும்."

"செம்புலயே குடுக்குறேன் ஐயா." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், நம்ம சாம்பியன் கோப்ப எதுல பண்ணது?"

பல் டாக்டரின் நெஞ்சு விரிந்தது. "சுத்தமான செம்பு! கலப்படமே கெடையாது!" என்றவர், தானே ஓடிப்போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து இரண்டு காதும் வைத்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுக்க வழியில்லை. தண்ணீர் நிரப்பிய கோப்பையின் வாயருகே உதட்டை வைத்து மண்மொழியார் முணுமுணுத்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் முணுமுணுத்தார். மூன்று சுற்று போதாமல் ஏழு சுற்றுச் சுற்றினார். ஊற்றினார்.

தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. குழிக்காரரைச் சுற்றி ஓடியதைவிட வேகமாகவே ஓடியது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இந்தக் கோப்பையில தோஷம் இருக்கு!" என்றார் மண்மொழியார் சட்டென்று. "இத ஜெயிச்சவன் ஒரு ஆணவக்காரன். அந்த ஆணவம் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு."

பல் டாக்டரின் காது சிவந்தது.

"போன வருஷம் ஜெயிச்சது நான்தான்" என்றார்.

மண்மொழியார் குழாயைக் காதில் வைத்தார். இந்த முறை பூமி உதவிக்கு வரவில்லை.

"ஐயாவோட செம்பக் கொஞ்சம் குடுங்க" என்றாள் புல் மேடம். சீடர் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். "குடுப்பா!" என்று பல் டாக்டர் போட்ட சத்தத்தில் தானாகவே கை மாறியது. பல்லையே பிடுங்கிப் பழகியவரின் சத்தம் அது.

அவள் அந்தச் செம்பில் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கணவனிடம் நீட்டினாள். "வாக்குச் சொல்லி ஊத்துங்க."

"எனக்கு என்ன வாக்கு தெரியும்?"

"மனப்பாடமா தெரிஞ்சது எதயாவது சொல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கி மண்டையில் ஏற்றியது ஒன்றுதான் அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. செம்பின் வாயருகே உதட்டை வைத்தான். "ஒரு பதினேழு பதினேழு. ரெண்டு பதினேழு முப்பத்தி நாலு. மூணு பதினேழு... அம்பத்தி ரெண்டு..."

"அம்பத்தி ஒண்ணு!" என்று கூட்டத்தில் பாதி கத்தியது.

அவன் திடுக்கிட்டு அப்படியே ஊற்றிவிட்டான்.

பூமி குடித்தது. ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தது. கணக்குத் தப்பாக இருந்தும் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கவேண்டும். மற்ற உயிரினங்களாக இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மண்மொழியார் கையை உயர்த்தி, "நம்ம அருள் அவனுக்குள்ள எறங்கிருச்சு!" என்று முழங்கினார். கூட்டம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மண்மொழியாரை விட்டுவிட்டுக் குழிக்காரரைப் பார்த்துக் கைகூப்பியது. தையல்கார அம்மா கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து, அவனுடைய வெளுத்த வலது காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சாமி! எம் மூட்டு வலி..."

"அய்யய்யோ, எந்திரிங்கம்மா! நான் குழி வெட்டுறவன்! எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடே தெரியாது, நீங்களே பாத்தீங்கல்ல!"

"அடக்கத்தப் பாருங்க!" என்று யாரோ உருகினார்கள்.

புல் மேடத்துக்கு வாய் துறுதுறுத்தது. தண்ணீரின் துகள், மெழுகு, தரகர் எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு காலை இழந்து, மறு காலில் தள்ளாடிக்கொண்டே தலையை ஆட்டினான். வேண்டாம்.

அவள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் செம்பை வாங்கினாள். கொஞ்சம் தண்ணீர் விட்டாள். உள்ளங்கையால் வாயை அடைத்துக்கொண்டு பலமாகக் குலுக்கினாள். கையை எடுத்தாள்.

நுரை எழும்பியது. செம்பின் கழுத்தைத் தாண்டி, விரல்களின் வழியே வழிந்து, கொத்துக் கொத்தாகப் புல்லில் விழுந்தது. வெயிலில் ஏழு நிறத்தில் மின்னியது. ஒரு குமிழி பிரிந்து, மிதந்து போய், மண்மொழியாரின் மூக்கில் உட்கார்ந்து உடைந்தது.

யாரும் 'ஆ' சொல்லவில்லை.

தையல்கார அம்மா காலை விட்டுவிட்டு எழுந்தார். ஒரு விரலால் நுரையைத் தொட்டு மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதத்தான நான் தெனமும் ரெண்டு வேள பாத்திரத்துல தேய்க்கிறேன்?" என்று மெல்லச் சொன்னார். அடுத்தது மெல்ல வரவில்லை. "அடப் பாவி! இதயா பாட்டில்ல அடச்சு, மூட்டுல தடவச் சொன்ன?"

அதற்கப்புறம் சீடரைக் காணோம். மண்மொழியார் குழாயைப் போட்டுவிட்டு, ஏழாவது கிரீனின் குறுக்கே, மண் நிற ஆடைக்குள் இதுவரை மறைந்திருந்த ஆணி வைத்த பூட்ஸ் காலோடு ஓடினார்.

"ஐயா, செருப்பு!" என்று பழக்கதோஷத்தில் காவலாளி அலறினார். "பூமிக்கு வலிக்கும்!"

கூட்டம் கலைந்த பிறகும் பல் டாக்டர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிம்மா" என்றார் ஒருவழியாக. "ஏமாத்துக்காரன்தான். ஆனா சோப்போ அருளோ, தண்ணி உள்ள போச்சுல்ல? நாமளே கொஞ்சம் சோப்ப..."

அவள் பேசாமல் கையைக் காட்டினாள். மண்மொழியார் முதல் நாள் அருளிய இடம். வட்டத்தின் பழுப்பு நடுவே, தீ வைத்ததுபோல் கருகி, வேரோடு செத்திருந்தது.

"அப்ப ஓட்ட போட்டுத்தான் ஆகணுமா? வேற வழியே இல்லியா? நல்லவங்களா, நெசமாவே சக்தி உள்ளவங்களா, வேற யாராச்சும்..."

"உங்ககிட்ட வர்ற ஆளுங்க இதே கேள்வியக் கேட்டா என்ன டாக்டர் சொல்வீங்க?"

டாக்டர் கோப்பையைப் பார்த்தார். கருகிய புல்லைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வாயத் தொறங்கன்னு சொல்வேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் பனியில் முதலில் மிதித்தது ஒரு பச்சைக் காலும் ஒரு வெள்ளைக் காலும்தான். குழிக்காரர் புது இடத்தில் குழி வெட்டி, பழைய குழியை அடைத்தார். அவர் பின்னாலேயே மெஷின் வந்தது. கிரீன் முழுக்கத் துளை போட்டு, விரல் விரலாக மண்ணை உருவிக் குவித்தது. ஆட்டக்காரர்கள் பந்து துள்ளுகிறது என்று புலம்பினார்கள். புல் மேடம் ஒவ்வொருவருக்கும் ஏன் துள்ளுகிறது என்று மணலிலிருந்து தொடங்கி விளக்கினாள். இந்தத் தடவை ஒருவர் மட்டும் கடைசிவரை நின்று கேட்டார். தையல்கார அம்மா.

மறுவாரம், மண்மொழியாரைக் கூட்டிவந்த அந்த உறுப்பினரின் மச்சினர் மறுபடி வந்தார். மரத்தோடு பேசும் ஒருவரைத் தெரியுமாம், அசல் சக்தியாம். நாலைந்து பேர் அவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டார்கள்.

தண்ணீரை உருட்டிவிடும் தரைக்கு ஓட்டை போட ஒரு மெஷின் போதும். எவ்வளவு ஊற்றினாலும் உருட்டிவிடும் தலைக்கு மெஷின் கிடையாது. அவரவர் கேள்வி கேட்டு அவரவரே போட்டுக்கொள்ளவேண்டும். வலிக்கும். சில வாரத்துக்குப் பந்து நேராக உருளாது. பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள். அப்போதாவது ஏதாவது உள்ளே இறங்கட்டும்.